மாடிக்குப் போகும் ஒயர்

ஏனுங்க,

கறுப்பு டேப்பின் பசை வாசனை விரல்களை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, எலுமிச்சைத் தோலைத் தேய்த்தும் பார்த்தாயிற்று. கம்பெனியிலிருந்து வந்ததும் காப்பி டம்ளருக்குக் கை நீட்டுவீர்களே, அப்போது உங்கள் விரல்களில் இருக்கும் அதே வாசனை. காலையில் டிவி ஸ்டாண்டைச் சுவரிலிருந்து இழுத்ததும் முதலில் வந்தது அதுதான். அப்புறம் தூசி வந்தது, தும்மல் வந்தது, கடைசியாகப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. அது மட்டும் இன்னும் எழுந்து போகவில்லை.

உங்களைத் திட்டுவதற்காகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்புசெட் கம்பெனியில் காயில் கட்ட உங்களை விட்டால் ஆள் இல்லை என்பார்கள். நீங்கள் கட்டிய மோட்டாரைப் பிரித்தால் ஒரு சுற்று இன்னொரு சுற்றின் மேல் ஏறியிருக்காதாம். அப்படிச் சொன்னவர்களையெல்லாம் கூப்பிட்டு நம் டிவிக்குப் பின்னால் நிறுத்த வேண்டும். காக்காய்கூட இதைவிட யோசித்துக் கூடு கட்டும். எல்லாம் ஒரே கறுப்பு ஒயர், கம்பெனியில் மீந்த சுருளிலிருந்து வெட்டி வெட்டி இழுத்தது. அதன் மேல் காயில் கட்டும் வெள்ளை நாடாவால் கட்டு, கட்டுக்கு மேல் கட்டு, அதற்கும் மேல் இந்த டேப். நான் துடைப்பத்தை அந்தப் பக்கம் நீட்டினாலே "ஓடீட்டிருக்கறதத் தொடாதே அம்மணி" என்று கத்துவீர்கள். தொடவில்லை. இத்தனை வருஷம் தொடாமல்தான் இருந்தேன்.

இப்போது தொட வேண்டியதாகிவிட்டது. நித்யா ஓசூரிலிருந்து சுவரில் மாட்டுகிற டிவி ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். மாட்ட வந்தவர் ஸ்டாண்டுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். "ஏனுங்கம்மா, இதுக்குள்ள நான் கை வெக்க மாட்டேனுங்க. எது எங்க போகுதுன்னே தெரியல. நீங்க கிளியர் பண்ணி வெய்யிங்க, நாளான்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டு, நான் கொடுத்த மோரைக்கூட நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்.

எது எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இன்றைக்கு நம் பக்கம் ஷட்டவுன். கரண்ட் போக இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. போன பிறகு பிரிக்கலாம் என்று காத்திருக்கிறேன். நித்யாதான் வழி சொன்னாள். "அம்மா, கரண்ட் இல்லாதப்ப எதெது ஓடுதோ அது இன்வெர்ட்டர் லைன். மத்ததெல்லாம் செத்த ஒயர். செத்ததை உருவிப்போடு, மிச்சம் தன்னால தெரியும்." அவள் பேச்சில் எல்லாமே சுலபம். நான் டெலிபோன் ஆபீசில் இருந்தவள் என்பதால் எனக்கு ஒயரைப் பற்றித் தெரியும் என்று அவளும் நம்புகிறாள். பில் கவுண்டரில் உட்கார்ந்து ரசீது கிழித்தவளுக்கு ஒயரைப் பற்றி என்ன தெரியும்? எனக்கு ஷாக் என்றால் பயம். அதனால்தான் கரண்ட் இல்லாத நாளாகப் பார்த்தேன்.

ஷாக்கைவிடப் பெரிய பயம் எதுவென்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கும்பலில் ஒரு ஒயர் நம்முடையது இல்லை. அது நம் இன்வெர்ட்டரில் புறப்படுகிறது, டிவிக்குப் பின்னால் மற்ற ஒயர்களோடு கலந்து, சுவர் வென்டிலேட்டர் வழியாக வெளியேறி, மாடிக்கு ஏறி, அங்கே குடியிருக்கும் ரங்கசாமி அண்ணனின் ஆக்சிஜன் மெஷினுக்குப் போகிறது. அண்ணனின் மூச்சு அந்த ஒயரில் இருக்கிறது. நான் தப்பாக எதையாவது உருவிவிட்டால் மேலே அவருக்கு மூச்சு முட்டும். மேலிருந்து பிடித்து வரலாம் என்றால், வென்டிலேட்டரில் தண்ணீர் டேங்க் ஒயர், பழைய டிஷ் ஒயர், காலிங்பெல் ஒயர் எல்லாவற்றையும் ஒன்றாக நாடா போட்டுக் கட்டியிருக்கிறீர்கள். கீழிருந்து பிடித்துப் போகலாம் என்றால், ஒரு பிளக் பாக்ஸ், அதிலிருந்து இன்னொரு பாக்ஸ், அதற்குள்ளிருந்து இன்னொன்று. எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுக்கலாம் என்று கட்டிங் பிளேயரை எடுத்தார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அந்த ஒயர் மேலே போன நாள் நினைவிருக்கிறதா? அண்ணன் மில்லில் பஞ்சு உடைக்கிற இடத்திலேயே வேலை செய்து, தூசியை நெஞ்சுக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியிலிருந்து அந்த மெஷினோடு திரும்பி வந்த புதிது. முதல் ஷட்டவுன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே மேலே பார்த்துக் குரல் கொடுத்தீர்கள். "ஏனுங்கக்கா, மெஷினுக்கு என்ன பண்றீங்க?" அண்ணனின் சம்சாரம் சரோஜா அக்கா மேலிருந்து, "பரவாயில்லைங்க தம்பி, சிலிண்டர் இருக்குதுங்க" என்றார். நீங்கள் இன்னொரு வாய் சாப்பிட்டீர்கள். அப்புறம் என்ன தோன்றியதோ, தட்டை அப்படியே வைத்துவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு படியேறிவிட்டீர்கள். நான் ரசத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

மேலே போனால் சிலிண்டரின் முள் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் மெஷின் கீச்சென்று கத்துமே, அது கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அக்கா அதன் மேல் தலையணையை வைத்து அமுக்கியிருந்தார். "கீழ உங்களுக்குச் சத்தம் கேக்குமுங்களே, சாப்படற நேரத்துல எதுக்குங்க தொந்தரவு" என்றாராம். அவ்வளவு கோபமாக உங்களை நான் பார்த்ததே இல்லை. தலையணையைப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கி வந்தீர்கள். அது இன்னும் நம் அலமாரி மேல்தட்டில் கிடக்கிறது. அவர்கள் கேட்கவில்லை, நீங்களும் கொடுக்கவில்லை.

அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. "நம்மூர்ல பரவாயில்லைங்கன்னு சொல்லீட்டாங்கன்னா பாதி உசுரு போயிருச்சுன்னு அர்த்தம். ஏறிப் போய்ப் பார்த்துரோணும் அம்மணி." சாப்பாட்டை முடிக்காமலே சுருளை எடுத்து ஒயர் இழுக்க ஆரம்பித்தீர்கள். எப்போது கரண்ட் போகும் என்று யாருக்குத் தெரியும் என்று மெஷினை நிரந்தரமாக அந்த ஒயரிலேயே மாட்டிவிட்டு வந்தீர்கள். அக்கா வேண்டாமுங்க வேண்டாமுங்க என்று படியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் உள்ளே தங்கள் வீட்டுத் தெலுங்கில் ஏதோ குசுகுசுத்தார்கள். கம்பெனி சிநேகிதர்களிடம் கற்றுக்கொண்ட அரைகுறைத் தெலுங்கில் நீங்கள் பதில் சொன்னதும் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். "மாசாமாசம் வாடகையைக் கொஞ்சம் ஏத்திக் குடுத்தரலாமான்னு பேசிக்கறாங்க, கருமம்" என்றீர்கள்.

அதிலிருந்து ஷட்டவுன் நாள் என்றால் நம் வீட்டில் விசிறி ஓடாது. பேட்டரி மதியம்வரை தாங்க வேண்டுமே. நீங்கள் வேர்க்க விறுவிறுக்க மேலே போவீர்கள். மெஷின் ஓடுகிறதா என்று கேட்டு அவர்கள் சொல்லும் பதிலை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் இல்லை நீங்கள். அதன் தலையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். போத்தனூரில் ஸ்டேஷன் பக்கத்தில் வீடு, ரயில் போனால் கதவு, டம்ளர், சாமி படம் எல்லாமே அதிரும். அதனால் ரயில் வந்தால் அது போய் முடியும்வரை கையை எடுக்காமல் நிற்பீர்கள். ரயில் போன பிறகும் உள்ளங்கையில் அதிர்வு இருந்தால்தான் உங்களுக்குத் திருப்தி. கூட்ஸ் வண்டியாக இருந்தால் நின்றுகொண்டே அண்ணனிடம் ஊர்க்கதை பேசி முடித்துவிடுவீர்கள்.

இப்படி ஊரில் யாருடைய பரவாயில்லையையும் நம்பாத மனுஷன், போன ஆடியில் அந்தக் காற்றடித்த சாயங்காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் என்ன சொன்னீர்கள்? "ஒண்ணுமில்ல அம்மணி. வாயு." முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தும் காட்டினீர்கள். நான் ஓமத் தண்ணி வைக்க அடுப்படிக்குப் போனேன். தண்ணீர் கொதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஏனுங்க, எல்லோருடைய வீட்டுப் படியும் ஏறிப் போய்க் கை வைத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு, இந்தா வைத்துப் பார் என்று என் கையை எடுத்து உங்கள் நெஞ்சில் வைக்கத் தோன்றவில்லையா? கோபமாக இருக்கிறது. இத்தனை மாதம் கழித்தும் கோபமாகத்தான் இருக்கிறது.

அன்றையிலிருந்து எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். நித்யா போனை எடுக்கத் தாமதித்தால் பயம். மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். நேற்று அக்காவிடம் சொல்லிவிட்டேன், நாளைக்கு ஷட்டவுனில் ஒயரைப் பிரிக்கப் போகிறேன், ஒவ்வொன்றாக உருவிவிட்டுக் குரல் கொடுப்பேன், நின்றுபோனால் உடனே சொல்லுங்கள் என்று. "செரிங் கண்ணு, நீங்க பாருங்க, எங்களுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த ஒண்ணுமில்லைங்கவைக் கேட்ட பிறகு ராத்திரி இரண்டு தடவை எழுந்து படியடியில் நின்று மேலே காது கொடுத்தேன்.

ஃபிரிட்ஜ் சத்தம் நின்றுவிட்டது. கரண்ட் போய்விட்டது. போய்ப் பார்க்கிறேன். கூடவே நில்லுங்கள்.

*

ராத்திரி ஆகிவிட்டது. மறுபடி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. முதலில் டிவிடி பிளேயரின் ஒயர். நீங்கள் வாங்கி வந்த நாளில் ஓடியதோடு சரி, ஆனால் அதன் பிளக் மட்டும் இத்தனை காலம் பத்திரமாகச் சொருகியே இருந்தது. உருவினேன். படியடிக்குப் போய், "ஏனுங்கக்கா, ஓடுதுங்களா?" என்றேன். "ஓடுதுங் கண்ணு!" பிறகு கொசு பேட்டின் சார்ஜர். ஓடுதுங் கண்ணு. கார்த்திகைக்குப் போடும் சீரியல் பல்பு, அதையும் வருஷம் முழுக்க மாட்டியே வைத்திருந்தீர்கள். ஓடுதுங் கண்ணு. ஒவ்வொன்றுக்கும் எழுந்து, படியடிக்குப் போய், கேட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் கெஞ்சின. ஒவ்வொரு பிளக்கையும் உருவும்போது கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு என்ன வெடிகுண்டா வைத்துவிட்டுப் போனீர்கள்!

பயமே இல்லாமல் நான் உருவியது ஒரே ஒரு ஒயர். மீன்தொட்டி ஒயர்.

அது எனக்குத் தெரிந்த ஒயர். தொட்டிக்குள் காற்றுக் குமிழி விடுகிற குட்டி மோட்டாருக்கு நீங்கள் போட்டுக் கொடுத்தது. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, தொட்டி காலியாகி, அதில் இப்போது வீட்டுச் சாவிகளும் பழைய ரிமோட்டுகளும் கிடக்கின்றன. ஒயர் அந்தத் தொட்டிக்குப் பின்னால் போய் மறைவதைக் கண்ணால் பார்த்தேன். செத்த மீனுக்கு எதுக்குக் காற்று என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு ஒரே இழுப்பில் உருவினேன். சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

படியடிக்குப் போய்க் கேட்டேன். "ஏனுங்கக்கா, ஓடுதுங்களா?"

பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. "பரவாயில்லைங் கண்ணு! நீங்க பாருங்க!"

சரி என்று திரும்பி வந்து உட்கார்ந்து அடுத்த ஒயரைக் கையில் எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. நான் ஓடுகிறதா என்று கேட்டேன். இதுவரை ஓடுகிறது என்றுதான் பதில் வந்தது. இப்போது ஏன் பரவாயில்லை? உங்கள் குரல் காதுக்குள் கேட்டது என்று எழுதினால் நீங்களே சிரிப்பீர்கள். குரலெல்லாம் கேட்கவில்லை. கையிலிருந்த ஒயரைக் கீழே போட்டேன். அவ்வளவுதான். எப்படிப் படியேறினேன் என்று தெரியவில்லை, செருப்பு ஒன்று நடுப்படியில் கழன்று கிடந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

அண்ணன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. என்னைப் பார்த்ததும், அந்த நிலையிலும், முட்டியிலிருந்து கையை எடுத்துக் கும்பிடப் பார்த்தார். அக்கா தரையில் உட்கார்ந்து சின்ன சிலிண்டரின் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார், சாவி வழுக்கி வழுக்கிப் போனது. தெலுங்கில் அண்ணனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே திருகினார். மெஷின் மேல் ஒரு தலையணை. பூப்போட்ட உறை. அதற்கு அடியிலிருந்து கோழிக்குஞ்சு கத்துகிற மாதிரி சன்னமாகச் சத்தம் வந்தது.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. கீழே ஓடினேன். நல்லவேளை, கடைசியாக உருவிய பிளக் தனியே டிவி ஸ்டாண்டின் மேலே கிடந்தது. எடுத்துப் பாக்ஸில் சொருகினால் போக மாட்டேன் என்கிறது. அதன் ஒரு கால் வளைந்திருந்தது, நான் இழுத்த இழுப்பில் வளைந்ததோ, எப்போதுமே அப்படியோ. பல்லால் கடித்து நிமிர்த்தினேன். ஆமாம், பல்லால்தான். ஷாக்குக்குப் பயந்தவள் பிளக்கை வாயில் வைத்தேன். மறுபடி சொருகினேன், போயிற்று. ஆனால் கீழே எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஓடுகிறதா என்று படியடியில் நின்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியுமே.

மேலே ஏறிப் போய்த் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டு மெஷினின் தலையில் கையை வைத்தேன். அதிர்ந்தது. அதே சமயம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது, டம்ளர் அதிர்ந்தது. ரயில். போயும் போயும் அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி. மெஷின் ஓடி அதிர்கிறதா, ரயில் போய் அதிர்கிறதா என்று தெரியவில்லை. காதில் ரயில் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் விழவில்லை. கையை எடுக்காமல் நின்றேன். எத்தனை பெட்டி, எத்தனை பெட்டி, முடியவே இல்லை. அண்ணனின் முகத்தைப் பார்க்கப் பயந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் இந்த இடத்தில்தான், இதே மாதிரி, ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பீர்கள். எப்படிப் பேச முடிந்தது உங்களால்?

ரயில் போய் முடிந்தது. டம்ளர் அடங்கியது. என் உள்ளங்கைக்குக் கீழே அதிர்வு அப்படியே இருந்தது.

மெதுவாக அண்ணனின் தோள் இறங்கியது. உதட்டிலிருந்த கறுப்பு மங்கியது. எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. உங்களுக்கு அன்றைக்கு வந்த அதே கோபம், வட்டியும் முதலுமாக.

"ஏனுங்கக்கா, நின்னுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்னங்க? அதுக்குத்தானுங்க நான் கேக்கறேன்! தொண்டை கிழியக் கேக்கறேனே!"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒத்தையில கெடந்து கஷ்டப்படறீங் கண்ணு. குரலே நடுங்குது உங்களுக்கு. நின்னுபோச்சுன்னா நீங்க பயந்துருவீங்கன்னு, அதுக்குள்ள சிலிண்டர மாத்திப்போட்டு அப்பறம் பைய சொல்லிக்கலாமுன்னு இருந்தேனுங்க."

"அதுக்கு அண்ணன் உசுர வெச்சா வெளையாடுவீங்க?"

அண்ணன் குழாயை மூக்கில் சரிசெய்துகொண்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நேத்தே சொல்லலாமுன்னு... பார்த்தேன் அம்மணி. கரண்ட் இருக்கற நாள்ல... மெஷின எங்க செவுத்து பிளக்குல... மாட்டிக்கலாம். நீங்க சாவகாசமா... பிரிச்சுக்கலாம்னு. நீங்க முடிவு பண்ணீட்டு வந்தீங்க... நடுவுல பேசினா... நல்லா இருக்காதுன்னு..."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. உண்மைதானே? கரண்ட் இருந்த நேற்றே மெஷினை அவர்கள் சுவர் பிளக்கில் மாட்டச் சொல்லியிருந்தால் நான் கீழே உள்ள எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு உருவியிருக்கலாம். ஷாக்குக்குப் பயந்து எனக்குத் தோன்றவில்லை. தோன்றிய மனுஷன் மரியாதைக்குப் பயந்து சொல்லவில்லை. அக்கா என்னைப் பயமுறுத்தப் பயந்து மெஷினின் வாயை அடைத்துவிட்டார். மூன்று பேரும் சேர்ந்து, எவ்வளவு பதவிசாக, ஒருவர் மேல் ஒருவர் எவ்வளவு அக்கறையாக, அண்ணனைக் கொண்டுபோய் விளிம்பில் நிறுத்திவிட்டோம்.

நான் தலையணையை எடுத்து அக்குளில் இடுக்கினேன். அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். "கொண்டு போயிருங்க அம்மணி" என்றார். "போன தடவையும்... அவரு அப்படித்தான் செஞ்சாரு." அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை.

மதியம் கரண்ட் வந்தது. அண்ணனின் மெஷினை அவர்கள் சுவர் பிளக்கில் மாட்டி, கை வைத்துப் பார்த்துவிட்டு, கீழே வந்து எல்லாவற்றையும் பிரித்தேன். தொட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவியபோதுதான் நீங்கள் செய்திருந்தது தெரிந்தது. மீன்தொட்டி ஒயரை அங்கே வெட்டி, மாடிக்குப் போகும் ஒயரோடு முறுக்கி, மேலே டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றியிருக்கிறீர்கள். மீன்கள்தான் இல்லையே, அந்த லைனை எதற்கு வீணாக்குவது என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் புத்திக்கு அது நியாயம்தான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் பயப்படுவேன் என்று நீங்களும் விட்டுவிட்டீர்களா? நீங்களும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தானா?

இப்போது டிவிக்குப் பின்னால் சுவர் தெரிகிறது. சுவருக்கு நாம் என்ன கலர் அடித்திருந்தோம் என்பதே மறந்துபோயிருந்தது, பச்சை. தேவையில்லாத ஒயர்களைச் சுருட்டிச் சாக்கில் போட்டுவிட்டேன். மாடிக்குப் போகும் ஒயரை மட்டும் மற்றவற்றோடு சேராமல் தனியே சுவரோரமாகக் கிளிப் அடித்து ஓட்டியிருக்கிறேன். நாளைக்கு டிவி மாட்ட வருகிறவர் கேட்டால், அதைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று மரியாதையாகச் சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் போட்ட அந்தச் சேர்ப்பை நான் பிரிக்கவில்லை. எலெக்ட்ரீசியன் பார்த்து நல்லதாகப் போட்டுக் கொடுக்கட்டும், அதுவரை மெஷின் அவர்கள் பிளக்கிலேயே ஓடட்டும். டேப்பின் மேல் உங்கள் விரல் அழுந்திய பள்ளம் இருக்கிறது. அதில் என் விரலை வைத்துப் பார்த்தேன். காலையில் ஒட்டிய வாசனை இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

வேலையெல்லாம் முடிந்து விளக்கு வைத்த பிறகுதான் நடுக்கம் வந்தது. காலையில் வந்திருக்க வேண்டிய நடுக்கம், வேலையாக இருக்கிறாள் என்று வெளியிலேயே நின்றிருந்தது போலும். புதிதாகத் தெரிந்த அந்தப் பச்சைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் இரண்டு தலையணைகள், அலமாரியிலிருந்து எடுத்த பழையது ஒன்று, இன்றைக்குப் பிடுங்கி வந்தது ஒன்று. உங்கள் நாற்காலி எதிரில் இருந்தது. அடுப்பில் ஓமத் தண்ணி கொதிக்கிற வாசம் வருகிற மாதிரியே இருந்தது, அடுப்பில் ஒன்றும் இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். மேலே கேட்கக் கூடாது என்று.

அடைத்துக்கொண்ட பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கே உறைத்தது.

மேலிருந்து குரல் வந்தது. "ஏனுங் கண்ணு, சாப்புட்டீங்களா? நல்லா இருக்கறீங்களா?"

முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "பரவாயில்லைங்கக்கா" என்றேன்.

மேலே நாற்காலி நகர்ந்தது. அப்புறம் கதவு திறந்தது. அக்காவுக்கு முட்டித் தேய்மானம், படியிறங்கி எத்தனையோ காலமாயிற்று, உங்கள் காரியத்துக்குக்கூட இரண்டு பேர் கைத்தாங்கலாகத்தான் இறக்கினார்கள். ஒவ்வொரு படியாக, சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. ஒரு கால், அப்புறம் இன்னொரு கால், அப்புறம் ஒரு மூச்சு. நான் எழுந்து போய்ப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். எழ முடியவில்லை.

வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார். என் முகத்தைப் பார்த்தார். பார்க்காத மாதிரி, "தலகாணிய வாங்கீட்டுப் போலாமுன்னு வந்தேனுங்க" என்றார்.

தலையணையை எடுக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என் முதுகில் உள்ளங்கையை வைத்தார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது, கதவும் டம்ளரும் சாமி படமும் அதிர்ந்தன, அதோடு சேர்ந்து நானும் அதிர்ந்தேன்.

ரயில் போய் முடிந்த பிறகும் அக்கா கையை எடுக்கவில்லை.